பிட் பிழை வீதச் சிமுலேஷன்

இரைச்சல் உள்ள தடத்தில் அனுப்பப்படும் பிட்டுகளில் எத்தனை மாறிப்போய்ச் சேரும் என்பதை, கருவி எதையும் கட்டாமல் கணினியில் நடத்திப் பார்த்தே மதிப்பிடும் முறை பிட் பிழை வீதச் சிமுலேஷன் எனப்படுகிறது. தவறாகச் சேர்ந்த பிட்டுகளின் எண்ணிக்கையை அனுப்பிய மொத்தப் பிட்டுகளால் வகுத்தால் வருவது பிட் பிழை வீதம். எண்ணுவதும் வகுப்பதும்தானே என்று தோன்றும். ஆனால் தடம் நன்றாக அமைய அமையப் பிழை அரிதாகிறது. அரிதானதை எண்ண வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இத்துறையின் வரலாறு பெரும்பாலும் இந்தக் காத்திருப்பைக் குறைக்க நடந்த மல்லுக்கட்டுதான்.

மின்தடை ஒன்றில் வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் அலைவதே தவிர்க்க முடியாத இரைச்சலாகிறது என்பதை பெல் ஆய்வகத்தின் ஜான்சன் அளந்து காட்டினார். ஏடி அண்ட் டி நிறுவனத்தின் நைக்விஸ்ட் அதற்குக் கோட்பாட்டு விளக்கம் தந்தார். இருவரின் கட்டுரைகளும் 1928-இல் வெளிவந்தன. இந்த இரைச்சல் இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுவதால் கணக்கில் கையாள எளிது. 1948-இல் கிளாட் ஷானன், இரைச்சல் இருந்தாலும் ஒரு வேக எல்லைக்குள் பிழையை விரும்பிய அளவுக்குக் குறைக்கலாம் என்று நிறுவினார். அதற்கான பிழைதிருத்தும் குறியீடு எது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அதைத் தேடியவர்களுக்குத்தான் சிமுலேஷன் பெரிதும் தேவைப்பட்டது.

சிமுலேஷன் செய்யும் முறை வேறு இடத்திலிருந்து வந்தது. 1946-இல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம், தனியாள் சீட்டாட்டத்தில் வெல்லும் வாய்ப்பைக் கணக்கிட முயன்று சலித்துப்போனார். நூறு முறை ஆடி, வென்றதை எண்ணிவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஜான் வான் நாய்மன் அந்த யோசனையை லாஸ் அலமோஸ் அணு ஆய்வகத்தின் நியூட்ரான் கணக்குகளுக்குப் பொருத்தினார். கடன் வாங்கியாவது மான்டே கார்லோவுக்குச் சூதாடப் போகும் உறவினர் ஒருவர் உலாமுக்கு இருந்தார். அதை நினைத்து நிக்கோலஸ் மெட்ரோபொலிஸ் வைத்த மான்டே கார்லோ முறை என்ற பெயரே நிலைத்தது. மெட்ரோபொலிசும் உலாமும் எழுதிய கட்டுரை 1949-இல் வெளிவந்தது.

தகவல் தொடர்பில் இம்முறை எப்படி நடக்கிறது என்பதை எளிய இருநிலைக் கட்டப் பண்பேற்றத்தில் பார்க்கலாம். 1 என்ற பிட்டுக்கு +1, 0 என்ற பிட்டுக்கு −1 என்ற மின்னழுத்தம் அனுப்பப்படுகிறது. கணினி ஒவ்வொன்றோடும் ஒரு சமவாய்ப்பு எண்ணை இரைச்சலாகக் கூட்டுகிறது. +1 சில முறை 0.81 ஆகவும் சில முறை 1.17 ஆகவும் வந்து சேரும். பூஜ்யத்துக்கு மேலிருந்தால் 1, கீழிருந்தால் 0 என்று பெறும் முனை முடிவுசெய்யும். பிட் ஒன்றின் ஆற்றலுக்கும் இரைச்சல் அடர்த்திக்கும் உள்ள விகிதம் 10 டெசிபெல் என்றால் இரைச்சலின் திட்ட விலக்கம் சுமார் 0.2236. பிழை நேர, இரைச்சல் அதைப்போல் 4.47 மடங்கு எதிர்த்திசையில் பாய வேண்டும். பத்து லட்சம் பிட்டுகளில் சராசரியாக நான்கு முறைகூட அப்படி நடப்பதில்லை.

நான்கை எண்ணி முடிவுக்கு வர முடியாது. மறுமுறை ஓட்டினால் இரண்டு வரலாம், ஏழும் வரலாம். எண்ணிய பிழைகளின் வர்க்கமூலம் அளவுக்குத் தடுமாற்றம் இருக்கும் என்பதால், நூறு பிழை சேர்ந்தால்தான் அது பத்து விழுக்காட்டுக்கு இறங்குகிறது. எனவே எத்தனை பிட்டுகள் அனுப்புவது என்று முன்கூட்டி முடிவுசெய்யாமல், நூறு பிழை சேரும்வரை ஓட்டுவதே ஆய்வகங்களின் வழக்கம். மேற்சொன்ன தடத்தில் அதற்கு 2.6 கோடி பிட்டுகள் வேண்டும். பிழையே வரவில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லலாம்: 300 கோடி பிட்டுகள் பிழையின்றிக் கடந்தால், வீதம் நூறு கோடியில் ஒன்றுக்கு மேல் இல்லை என்று 95 விழுக்காடு நம்பிக்கையோடு கூற முடியும்.

இந்த எளிய திட்டத்துக்குச் சூத்திரமே உண்டு. அதைச் சிமுலேஷன் செய்வது நிரலைச் சரிபார்க்கத்தான். புதிதாக எழுதுபவர்களின் வரைகோடு, அதாவது டெசிபெல் மாற மாறப் பிழை வீதம் எப்படி மாறுகிறது என்று காட்டும் கோடு, சூத்திரத்திலிருந்து சரியாக 3 டெசிபெல் விலகி நின்றால் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. இரைச்சல் அடர்த்தியில் பாதியை எடுக்க வேண்டிய இடத்தில் முழுவதையும் எடுத்திருப்பார்கள், அல்லது ஒவ்வொரு தகவல் பிட்டுக்கும் இரண்டு பிட்டுகள் அனுப்பும் பாதி வீதக் குறியீட்டில் கூடுதல் பிட்டுகளுக்கான ஆற்றலைக் கணக்கில் சேர்க்க மறந்திருப்பார்கள்.

சமவாய்ப்பு எண்களின் தரம் இன்னொரு தலைவலி. ஐபிஎம் கணினிகளில் புழங்கிய ராண்டு என்ற எண்ணாக்கியில் அடுத்தடுத்த மூன்று எண்களைப் புள்ளியாகக் குறித்தால் எல்லாம் 15 தளங்களில் மட்டுமே விழும். இவ்வகை எண்ணாக்கிகளின் இந்தப் பொதுக் குறையை 1968-இல் ஜார்ஜ் மர்சாலியா அம்பலப்படுத்தினார். 1990-களின் இறுதியில் மாட்சுமோட்டோவும் நிஷிமுராவும் தந்த மெர்சென் ட்விஸ்டர் அந்தக் கவலையைப் பெருமளவு தீர்த்தது. சீரான எண்களை இயல்நிலை எண்களாக்க 1958-இல் பாக்சும் முல்லரும் கண்ட வழி இன்றும் பயனில் உள்ளது. அதிலும் ஒரு பொறி உண்டு: 32 பிட் எண்ணை உள்ளிட்டால் வெளிவரும் இரைச்சல் திட்ட விலக்கத்தைப்போல் 6.66 மடங்கைத் தாண்டவே தாண்டாது. 13.5 டெசிபெல்லுக்கு மேல் எத்தனை நாள் ஓட்டினாலும் ஒரு பிழையும் தென்படாது. தடம் அவ்வளவு சுத்தம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

குறியீடுகளின் கதையில் சிமுலேஷனே சாட்சியாக நின்ற தருணங்கள் உண்டு. 1967-இல் ஆண்ட்ரூ விட்டர்பி வெளியிட்ட குறிநீக்க வழிமுறையை அவரே முதலில் ஒரு நிரூபணக் கருவியாகத்தான் கருதினார். ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் ஜெரால்ட் ஹெல்லர் அதைக் கணினியில் ஓட்டிப் பார்த்து, குறியீட்டுக்கு 64 நிலைகளே போதும், கருவியாகக் கட்டிவிடலாம் என்று காட்டினார். வாயேஜர் விண்கலங்கள் அந்த அளவுள்ள குறியீட்டைத்தான் சுமந்து சென்றன. 1993-இல் ஜெனீவா மாநாட்டில் பெரூ, கிளாவியூ, திட்டிமஜ்ஷிமா மூவரும் டர்போ குறியீட்டை அறிமுகப்படுத்தினர். 0.7 டெசிபெல்லிலேயே லட்சத்தில் ஒரு பிழை என்றது அவர்கள் வரைகோடு. குறியீடே இல்லாத தடத்துக்கு அதே வீதம் கிடைக்க 9.6 டெசிபெல் வேண்டும். பலர் நம்பவில்லை. கணிதப் பகுப்பாய்வு கையில் இல்லாததால், மற்றவர்கள் தாங்களே நிரல் எழுதி ஓட்டி அதே கோட்டைப் பெற்ற பிறகுதான் சந்தேகம் அடங்கியது.

காத்திருப்பைக் குறைக்கும் வழிகளில் பேர்பெற்றது முக்கியத்துவ மாதிரியெடுப்பு. இரைச்சலை வேண்டுமென்றே மிகைப்படுத்திப் பிழைகளை அடிக்கடி வரவைத்து, ஒவ்வொரு பிழைக்கும் அதன் உண்மையான வாய்ப்புக்கு ஏற்ற எடை போட்டு எண்ணுவது இது. சாம் சண்முகனும் பிலிப் பலபானும் 1980-இல் இதை டிஜிட்டல் தொடர்புக்குக் கொண்டுவந்தனர். இருவரும் மைக்கேல் ஜெருகிமோடு சேர்ந்து 1992-இல் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படைப் பாடநூலானது. முந்தைய பல பிட்டுகளின் தாக்கம் அடுத்த பிட்டில் தொடரும் தடங்களில் இந்த முறையின் ஆதாயம் வேகமாகக் கரைந்துவிடும். இரைச்சலைப் பெருக்காமல் அதன் சராசரியைப் பிழையின் பக்கம் நகர்த்தும் திருத்தத்தை 1988-இல் லூவும் யாவும் முன்வைத்தனர்.

ஷானன் எல்லையை ஒட்டி வேலைசெய்யும் நவீனக் குறியீடுகளில் சிக்கல் புது உருவில் வந்தது. வரைகோடு செங்குத்தாக இறங்கிவந்து, ஒரு மட்டத்தில் தரைதட்டியதுபோல் சாய்வு குறைந்து நீள்கிறது. இது பிழைத்தரை. பத்து கிகாபிட் ஈதர்நெட் கேட்பது லட்சம் கோடியில் ஒரு பிழைக்கு மிகாத தரம். நூறு பிழை எண்ண 100 லட்சம் கோடி பிட்டுகள் வேண்டும். நொடிக்குப் பத்து லட்சம் பிட்டு ஓட்டும் மென்பொருளுக்கு இது மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட வேலை. தடத்தையும் குறிநீக்கியையும் எஃப்.பி.ஜி.ஏ. என்ற, வேண்டியபடி மாற்றியமைக்கக்கூடிய சில்லில் பதித்து நொடிக்கு நூறு கோடி பிட்டு ஓட்டினால் 28 மணி நேரத்தில் முடியும். அதற்கும் கீழே உள்ள தரையை அளக்க, குறிநீக்கியைச் சிக்கவைக்கும் சிறு பிட்டுக் கூட்டங்களே அந்தத் தரைக்குக் காரணம் என்று 2003-இல் டாம் ரிச்சர்ட்சன் காட்டிய வழி பயன்படுகிறது: அத்தகைய கூட்டங்களை முதலில் அடையாளம் கண்டு, இரைச்சலை அவற்றின்மீது குறிவைத்துச் செலுத்தி, ஒவ்வொன்றும் எவ்வளவு பிழை தரும் என்று தனித்தனியே மதிப்பிட்டுக் கூட்டுகிறார்கள்.