பாராமகாலும் ஒரு 'ஒருவேளை'யும்

சென்ற பருவத்தில் ஒரு நாள், வகுப்பில் பேச்சு எப்படியோ அரசியலுக்குத் திரும்பியது. கடைசி வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, ஒரு பத்து வருஷம் ராணுவத்திடம் நாட்டைக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார். பலர் கைதட்டினார்கள். மணி அடித்துவிட்டதால் அன்று நான் பதில் சொல்லவில்லை. சன்னலுக்கு வெளியே கிருஷ்ணகிரி மலைக்கோட்டை தெரிந்துகொண்டிருந்தது. பதில் அந்த மலையடியிலேயே இருக்கிறது என்று பிறகுதான் தோன்றியது.

1791 நவம்பரில் மாக்ஸ்வெல்லின் படை தாக்கியும் அந்தக் கோட்டை விழவில்லை. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தின் வழியாகத்தான் அது கும்பினியாரிடம் வந்து சேர்ந்தது. உடன் வந்த பாராமகாலை ஆள்வதற்குக் காரன்வாலிஸ் சென்னையின் சிவில் அதிகாரிகளை அனுப்பவில்லை. அவர்களுக்கு நாட்டு மொழி தெரியாது, கையும் சுத்தமில்லை என்பது அவர் எண்ணம். கேப்டன் அலெக்சாண்டர் ரீடையும், அவருக்கு உதவியாக மன்றோ, மக்லியோட், கிரஹாம் ஆகிய மூன்று படை அதிகாரிகளையும் நியமித்தார். துப்பாக்கி பிடித்த கைகள் நில அளவைச் சங்கிலியைப் பிடித்தன. ஊர் ஊராக அளந்தார்கள். 1796 டிசம்பர் 10ஆம் தேதி ரீட் வெளியிட்ட அறிவிப்பு, உழவன் தன்னால் இயன்ற நிலத்தை வைத்துக்கொண்டு இயலாததை விட்டுவிட வழி செய்தது. ரயத்துவாரி முறை பிறந்த வீடு இதுதான். தருமபுரியில் ஏழாண்டு தங்கிய மன்றோ, தாம் வளர்த்த தோட்டத்தைப் பிரிய மனமின்றிப் பிரிந்தார்.

இனி நம் 'ஒருவேளை'க்கு வருவோம். 1792இல் ரீடுக்குப் பதில் சென்னையின் சிவில் அதிகாரிகள் வந்திருந்தால்? மறு ஆண்டே வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டம் வந்துவிட்டது. பாராமகாலும் அந்த அச்சிலேயே வார்க்கப்பட்டிருக்கும். மன்றோவுக்குப் பள்ளிக்கூடமாக அமைந்த ஏழாண்டுகள் இல்லாமற் போயிருக்கும். சென்னை மாகாணம் முழுவதுமே ஜமீன்களின் நாடாகியிருக்கக்கூடும்.

இது வெறும் கற்பனையன்று. பாதி நடந்தும் இருக்கிறது. 1799இல் அந்தக் குழு கலைந்தது; மன்றோ கன்னடக் கரைக்கும் பின்னர் கடப்பை, பெல்லாரிப் பகுதிகளுக்கும் போய்விட்டார். 1802ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து ரீட் அளந்த நிலமே மிட்டாக்களாக ஏலம் போயிற்று. வரி கட்ட முடியாமல் பல மிட்டாக்கள் சில ஆண்டுகளிலேயே சரிந்தன. 1820இல் மன்றோ ஆளுநராக வந்த பிறகே ரயத்துவாரி மாகாணத்தின் பொது முறையாக நிலைபெற்றது.

அப்படியானால் என் மாணவர் சொன்னது சரிதானே என்று கேட்கலாம். இங்கேதான் ஓசூரைப் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தொலைவுதான். ஆனால் 1792 முதல் 1799 வரை அது திப்புவின் நாடு. அங்கேயும் இடைத்தரகர்களான பாளையக்காரர்களை ஒடுக்கிவிட்டு, அமில்தார்களைக் கொண்டு உழவனிடம் நேராக வரி வாங்கும் முயற்சியே நடந்தது. ரீடும் மன்றோவும் கட்டியது மைசூர் போட்ட அடித்தளத்தின்மேல்தான் என்று வரலாற்றறிஞர் பர்ட்டன் ஸ்டெய்ன் வாதிட்டிருக்கிறார். ஆக, சிறப்பு சீருடையில் இல்லை.

ரீடின் ஆட்சிக்குக் கடிவாளமும் இருந்தது. மேலே சென்னையில் வருவாய் வாரியம் இருந்தது. அதற்குக் கணக்கு எழுதி அனுப்ப வேண்டும், மாற்றினால் போக வேண்டும். அந்தக் கடிதங்களே பின்னாளில் 'பாராமகால் ஆவணங்கள்' என்று நூல்களாயின. சீனக் குடியரசில் இந்தக் கடிவாளம் அறுந்தது. 1913இல் சோங் ஜியாவோரென் சுடப்பட்டார். 1915இல் யுவான் ஷிகாய் தம்மைப் பேரரசர் என அறிவித்துக்கொண்டார். 1916இல் அவர் இறந்தபின் மாகாணத் தளபதிகள் நிலவரியைத் தாமே வைத்துக்கொண்டார்கள். சிச்சுவானில் பல்லாண்டு வரியை முன்கூட்டியே பறித்தார்கள். சோங் உயிரோடிருந்தால் என்று அங்கே கேட்பவர்கள், ஒரு நல்ல மனிதரைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அறுந்த கடிவாளத்தைப் பற்றியும் கேட்கிறார்கள்.

ஆனால் நம் கதையிலும் கடிவாளத்தின் ஒரு முனையைப் பிடிக்க ஆளில்லை. உழவனிடம் கணக்குக் கேட்டவர்கள் உழவனுக்குக் கணக்குச் சொல்லவில்லை. தாம் விதித்த வரி மிகை என்று உணர்ந்த மன்றோவே, 1807இல் வேறு மாவட்டங்களுக்கு நூற்றுக்கு இருபத்தைந்து குறைக்கப் பரிந்துரைத்தார். ஜமீன்தார் இல்லாத இடத்தில் சர்க்காரின் கடைநிலைச் சேவகன் நின்றான். வரி வசூலுக்காக உழவர்கள் சித்திரவதை செய்யப்பட்டதை 1855இல் சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழுவே பதிவு செய்தது.

இன்று ஓசூர்ச் சாலையின் இருமருங்கும் ஆலைகள். அவற்றுக்கு முன்பு அங்கே வயல்கள் இருந்தன. ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பட்டா இருந்தது. அந்தத் தாளின் கொடிவழி ரீடின் சங்கிலி வரை போகிறது. நிலம் கொடுத்தவனின் பேரன் இன்று அதே நிலத்தில் ஆலை வாசலில் வருகைப் பதிவுக்கு நிற்கிறான். என் வகுப்பில் கைதட்டியவர்களில் அத்தகைய பேரன்களும் இருந்தார்கள்.

அடுத்த வகுப்பில் அந்த மாணவரிடம் ஒன்றே ஒன்று கேட்கப் போகிறேன்: "தம்பி, பத்து வருஷம் முடிந்தபின் அவர்களைத் திரும்பிப் போகச் சொல்வது யார்?"