வாசல் நாய் வீட்டுக்குள் வந்த வரலாறு

நாய்க்குட்டிக்கு மலசலம் கழிக்க இடம் பழக்குவது ஆரணி, சேத்துப்பட்டு வட்டாரத்தில் அண்மைக் காலத்து வழக்கம். நாய் வளர்ப்போ இங்கே மிகப் பழையது. இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், எடுத்தனூரில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நட்ட நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கும் சண்டையில் மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. கோவிவன் என்ற அவனுடைய நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும் அதில் வெட்டப்பட்டிருக்கிறது. வீரனோடு நாயின் உருவமும் இருக்கிறது. பெயர் சொல்லி ஒரு நாயைப் போற்றிய இந்தக் கல், தமிழகத்து நடுகற்களிலேயே அருமையானது.

அத்தனை மதிப்புப் பெற்ற நாயும் பட்டியிலும் வாசலிலும்தான் வாழ்ந்திருக்க வேண்டும். பின்வந்த நூற்றாண்டுகளிலும் ஊர்நாயின் இடம் திண்ணையடி, வைக்கோற்போர், மாட்டுக்கொட்டகை என்றே இருந்தது. நிலைப்படி தாண்டக்கூடாது என்பது ஒன்றே அதற்குக் கற்பித்த பாடம். மற்றதைத் தாய்நாயே பார்த்துக்கொண்டது. பிறந்த முதல் சில வாரங்கள் குட்டியின் கழிவைத் தாய் நக்கிச் சுத்தம் செய்துவிடும். ஏறத்தாழ மூன்று வாரத்தில், படுத்த இடத்தை விட்டு விலகிப் போய்க் கழிக்கக் குட்டியே தொடங்கும். அப்படி வளர்ந்த குட்டிக்குக் கொல்லை தானாகப் பழகிவிட்டது. வீட்டு மனிதர்களும் கொல்லைக்கோ வயல்வெளிக்கோ போன காலம் என்பதால், நாய்க்கென்று தனி ஏற்பாடு யாருக்கும் தோன்றவில்லை.

இவ்வட்டாரத்துப் பட்டு நெசவாளர் வீட்டில் அந்த நிலைப்படி எல்லை இன்னும் கண்டிப்பாக இருக்கக் காரணம் உண்டு. குழித்தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். பாவு தரையை ஒட்டி நீண்டு கிடக்கும். தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்து நெய்வார்கள். பட்டு புரத இழை, காரம் பட்டால் கெடும். நாய் மூத்திரம் நாள்பட நாள்பட அம்மோனியாவாகிக் காரமேறும். ஒரு குட்டி செய்யும் சிறு பிழைகூடப் பல நாள் உழைப்பைக் கெடுக்கக்கூடிய வீடு அது.

சிமென்ட் வீடும் சுற்றுச்சுவரும் உள்ளேயே கழிவறையும் வந்தபோது கொல்லை சுருங்கியது. பொமரேனியன் போன்ற சிறு நாய்கள் நடுத்தர வீடுகளில் கூடத்திலேயே படுக்கத் தொடங்கின. இதோடு ஒரு நோயும் சேர்ந்தது. 1978-இல் உலகில் அடையாளம் காணப்பட்ட பார்வோ வைரஸ், 1980-களின் தொடக்கத்தில் சென்னையிலும் பதிவானது. நோயுற்ற நாயின் மலத்தால் பரவி, மண்ணில் மாதக்கணக்கில் தங்கும் கிருமி அது. தடுப்பூசி வரிசை முடிய ஏறத்தாழ நான்கு மாத வயதாகிவிடும். அதுவரை தெருநாய்கள் புழங்கும் இடத்துக்குக் குட்டியைக் கொண்டுபோகக் கூடாது என்பதால், மொட்டைமாடியில் மணல் தட்டும் குளியலறை ஓரத்தில் பழைய செய்தித்தாளும் வந்தன.

பழக்கும் முறையும் மாறியது. அசுத்தம் செய்த குட்டியின் மூக்கை அதிலேயே தேய்ப்பது முன்பு பல நாடுகளில் இருந்த கொடுமை. கடந்துபோன செயலுக்கான தண்டனையைக் குட்டியால் இணைத்துப் பார்க்க முடியாது. ஆளைக் கண்டு பயந்து, கட்டிலுக்கு அடியில் ஒளிந்து கழிக்கத்தான் கற்றுக்கொள்ளும். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குத் தூக்கிச் சென்று, வேலை முடிந்த கணமே தட்டிக்கொடுத்து ஒரு துண்டுத் தின்பண்டம் தருவதே இப்போதைய முறை. இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்குவது கடினம். தவறிய இடத்தில் பினாயில் ஊற்றினால் மனித மூக்குக்குத்தான் வாசனை மறையும். நாய்க்குத் தெரியும் மணம் போக, கறையை ஒற்றியெடுத்து நொதி கலந்த திரவத்தால் துடைக்க வேண்டும். பெரும்பாலான குட்டிகள் ஆறு மாதத்துக்குள் பழகிவிடுகின்றன. சிறிய இனங்களுக்குச் சில மாதங்கள் கூடுதலாகும்.