இல்லாத இடத்தின் நிறம்

அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். மைன்கிராஃப்ட் விளையாட்டில் தன் ஆளுக்குச் சொந்தமாக ஒரு சட்டை வரைந்து போட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தான். அந்த விளையாட்டில் ஓர் ஆளின் தோல் என்பது 64க்கு 64 பிக்சல் கொண்ட ஒரே ஒரு பிஎன்ஜி படம். தலை, கை, கால் எல்லாம் பிரித்து விரித்த அட்டைப்பெட்டி மாதிரி அதில் கிடக்கும். 2014இலிருந்து இந்தத் தோலுக்கு மேல் உடம்பு முழுக்க இன்னோர் அடுக்கும் உண்டு, தொப்பி, மேல்கோட்டு போன்றவற்றுக்காக. அந்த அடுக்கில் வேண்டாத இடமெல்லாம் ஒளிபுகும்படி இருந்தாக வேண்டும். பையன் வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரின் பெயிண்டில் படத்தைத் திறந்தான், சட்டைக்குச் சிவப்பு அடித்தான், சேமித்தான். விளையாட்டுக்குள் போய்ப் பார்த்தால் ஆள் தலையிலிருந்து கால்வரை கோடித்துணி சுற்றின மாதிரி வெள்ளையாக நிற்கிறான். "மாமா, நான் ஒண்ணுமே பண்ணலை, சட்டையை மட்டும்தான் தொட்டேன்" என்றான். அழாத குறை.

அவன் சொன்னது உண்மை. அவன் தொடாத இடத்தில்தான் கோளாறு. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். எழுதப்படாத இடம் ஒரு பிரதிக்குள் என்ன வேலை செய்கிறது என்று பத்து வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கேள்வி ஒரு பையனின் சட்டை வடிவத்தில் வீட்டுக்குள் வந்தபோது நகர்ந்துபோக முடியவில்லை.

முதலில் நடந்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். திரையில் ஒரு பிக்சல் மூன்று எண்களால் ஆனது: சிவப்பு, பச்சை, நீலம். ஒளிபுகும் படங்களில் நான்காவதாக ஓர் எண் இருக்கும். அது நிறம் அல்ல. மற்ற மூன்றும் எந்த அளவுக்குக் கண்ணில் பட வேண்டும் என்பதற்கான உத்தரவு. அதற்கு ஆல்ஃபா என்று பெயர். பழைய பெயிண்டுக்கு மூன்றுவரைதான் எண்ணத் தெரியும். சேமிக்கும்போது நான்காவதைக் கீழே போட்டுவிடும். 1985இல் முதல் விண்டோஸுடன் வந்த அந்த மென்பொருளுக்கு ஒளிபுகுதலையும் அடுக்குகளையும் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது 2023இல். முப்பத்தெட்டு வருஷம். இதற்கிடையில் பெயிண்டில் படத்தைத் திறந்து மூடிய ஆரம்பக்காரர்கள் எத்தனை பேர் 'தப்புப் பண்ணிட்டோம்' என்று நினைத்திருப்பார்கள்!

இந்த நான்காவது எண்ணுக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தின் கணினி வரைகலைக் கூடம், 1977-78 வாக்கில். எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் என்று இரண்டு பேர். கேட்மல் அப்போது உருவங்களின் ஓரத்தைச் சுத்தமாக வரைவதில் மூழ்கியிருந்தார். ஓர் உருவத்தை வேறு வேறு பின்னணிகளின் மேல் பொருத்த வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் முழுசாக மறுபடி கணக்கிட்டாக வேண்டும். அதற்குப் பதில் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு மறைக்கிறது என்பதையும் நிறத்தோடு சேர்த்தே கோப்பில் வைத்துவிட்டால் என்ன என்பதுதான் யோசனை. ஸ்மித் 1995இல் எழுதிய குறிப்பொன்றில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். இரண்டு படங்களைக் கலக்கும் சூத்திரத்தில் கலவையின் அளவைக் குறித்த கிரேக்க எழுத்தே பெயராகிவிட்டது.

இதில் பணத்தைக் கவனிக்க வேண்டும். 512க்கு 512 புள்ளிகளுக்கு, புள்ளிக்கு எட்டு பிட் வீதம் பிடித்து வைக்கும் ஒரு நினைவகப் பெட்டி அன்றைக்குப் பல பத்தாயிரம் டாலர். இன்றைய கணக்கில் 256 கிலோபைட், அவ்வளவே. முழு நிறத்துக்கு மூன்று பெட்டி. நான்காவதாக ஒரு பெட்டியைக் 'கண்ணுக்குத் தெரியாத' ஓர் எண்ணுக்காக ஒதுக்குவது என்பது பெட்டிகளை வரிசையாக வாங்கி வைத்திருந்த ஓரிடத்தில்தான் ஒருவருக்குத் தோன்ற முடியும். கண்டுபிடிப்பு என்பது மேதையின் மண்டைக்குள் மின்னுவது என்கிற கதையாடலை நான் நம்புவதில்லை. இங்கே மின்னலுக்கு முன்னால் கொள்முதல் இருக்கிறது. 1984இல் லூக்காஸ்ஃபிலிமில் வேலை பார்த்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் இந்த எண்ணை வைத்து ஒரு படத்தின் மேல் இன்னொன்றை அடுக்குவதற்கான முழு இலக்கணத்தையும் எழுதினார்கள். 1996இல் நான்கு பேருக்கும் சேர்த்து ஆஸ்கர் அகாடமி தொழில்நுட்ப விருது கொடுத்தது.

ஆனால் எனக்கு ருசிக்கிற விஷயம் வேறு. இதே கேட்மல் 1974இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வேட்டில் இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று, வளைந்த பரப்பின் மேல் ஒரு படத்தைப் போர்த்துவது. விளையாட்டுக்காரர்கள் இன்று டெக்ஸ்சர் என்று சொல்வது அதைத்தான். மற்றது இசட்-பஃபர். திரையின் ஒவ்வொரு புள்ளியிலும், கண்ணுக்கு மிக அருகில் இருக்கும் பொருள் எது, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் குறித்து வைப்பது. அதைவிடப் பின்னால் வருகிற எதையும் யந்திரம் தூக்கி எறிந்துவிடும். ஒரு புள்ளி, ஒரு வெற்றியாளன்.

இப்போது சண்டை எங்கே வருகிறது பாருங்கள். ஒளிபுகும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மரம் நிற்கிறது என்றால் ஒரே புள்ளியில் இரண்டு பொருள்களுக்கும் பங்கு இருக்கிறது. ஆல்ஃபா பங்கு கேட்கிறது. இசட்-பஃபர் பங்கு தராது. கண்ணாடியை முதலில் வரைந்தால் தூரத்தைக் குறித்துக்கொண்டு மரத்தைத் துரத்திவிடும். விளையாட்டுக்குப் படம் திருத்தத் தொடங்குகிற எவரும் இரண்டாவது நாளில் இதில் மாட்டுவார்கள்: முடிக்கற்றையின் வழியாகப் பார்த்தால் முகத்துக்குப் பதில் வானம் தெரியும், ஓர் இலைக்குப் பின்னால் இன்னோர் இலை காணாமல் போகும். படத்தில் எந்தத் தப்பும் இருக்காது. ஒரே மனிதர் சில வருஷ இடைவெளியில் கொடுத்த இரண்டு யோசனைகள் ஒன்றையொன்று இன்றுவரை முறைத்துக்கொண்டு நிற்கின்றன. சமரசங்கள் உண்டு. ஒளிபுகுபவற்றைத் தூரத்திலிருந்து கிட்டே என்று வரிசைப்படுத்தி கடைசியில் வரைவது. அவை தூரத்தைக் குறிக்காதபடி தடுப்பது. அல்லது பாதி என்பதையே ஒழித்து, ஒரு புள்ளி உண்டு அல்லது இல்லை என்று கத்தரித்துவிடுவது. மைன்கிராஃப்டின் இலைகள் இந்தக் கடைசி வகை. மெல்லிய அழிப்பானால் ஓரத்தைப் பதமாகத் தேய்த்து வைப்பவர்கள், விளையாட்டுக்குள் அது ரம்பப் பல்லாகத் தெரிவதைப் பார்த்து நொந்துபோவது இதனால்தான். எண்பதுகளின் நடுவிலிருந்து இதைத் தீர்க்க ஒன்றன்பின் ஒன்றாக முறைகள் வந்துகொண்டே இருக்கின்றன. செலவில்லாமல் தீர்த்தவர் எவருமில்லை.

ஏழைகளின் ஒளிபுகுதல் இன்னொரு வரலாறு. நான்காவது பெட்டி வாங்க வக்கில்லாத யந்திரங்கள் என்ன செய்தன? 1983இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமில் நகரும் உருவத்துக்கு ஒரு புள்ளிக்கு இரண்டு பிட். நான்கு நிறம் சாத்தியம். அதில் ஒன்றை 'இல்லை' என்பதற்குக் கொடுத்தாக வேண்டும். மரியோவுக்கு மூன்று நிறம்தான் மிஞ்சியது. ஒன்றுமில்லாமைக்கு நிறங்களில் கால்பங்கு வாடகை! 1989இல் திருத்தி வந்த ஜிஃப் கோப்பும் 256 நிறங்களில் ஒன்றை இப்படிக் காவு கொடுத்தது. 1998இல் வந்த ஹாஃப்-லைஃப் விளையாட்டில், ஒரு டெக்ஸ்சரின் பெயர் இரட்டை வளைவு அடைப்புக்குறியில் தொடங்கினால் அதன் பட்டியலில் கடைசி நிறம் ஒளிபுகும் என்று அர்த்தம். வழக்கமாக அங்கே பச்சையோ சிவப்போ கலவாத கண்கூசும் நீலத்தை வைப்பார்கள். அதன் மேல் கட்டப்பட்ட கவுன்டர்-ஸ்ட்ரைக்கைப் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்காக ஆடியவர்கள் என் வயதில் நிறையப் பேர். கம்பிவேலிகளுக்கும் ஏணிகளுக்கும் நடுவே நாங்கள் சுட்டுக்கொண்டு ஓடிய அந்த ஓட்டைகள் எல்லாம் கோப்புக்குள் நீலநிறம் என்பது அப்போது தெரியாது.

அந்த நீலம் அமைதியாக இருந்துவிடவில்லை. கணினியின் வரைகலை அட்டைகள் படத்தைப் பெரிதாக்கும்போது பக்கத்துப் பக்கத்து நான்கு புள்ளிகளைச் சராசரியாக்கி வழவழப்பாக்கும். நிறத்தைத் தனியாக, ஆல்ஃபாவைத் தனியாக. ஒளிபுகும் புள்ளி கண்ணுக்குத்தான் இல்லை. அதன் மூன்று எண்கள் அங்கேயே இருக்கின்றன. சராசரி எடுக்கும்போது அவை ஓரத்தில் கசிந்துவிடும். பச்சை இலையைச் சுற்றி வெளிறிய வெள்ளைக்கோடு, கருப்புமுடியைச் சுற்றி நீலக்கோடு. விளிம்பு என்ற சொல்லை நம் சிறுபத்திரிகைகளில் தேய்த்துத் தேய்த்து அதன் முனையே மழுங்கிவிட்டது என்றாலும் இங்கே வேறு சொல் இல்லை. கோளாறு எப்போதும் விளிம்பில்தான் தெரிகிறது; காரணம் விளிம்புக்கு அப்பால், 'ஒன்றுமில்லை' என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிரதேசத்தில் கிடக்கிறது.

இதைத் தெரிந்துவைத்திருந்தவர்கள் இருந்தார்கள். 1997இல் வந்த குவேக் 2இன் மூலநிரல் 2001இல் பொதுவெளிக்கு விடப்பட்டது. அதில் படங்களை ஏற்றும் பகுதியில் ஒரு சின்ன ஏற்பாடு இருக்கிறது. ஒளிபுகும் புள்ளி வந்தால் சும்மா விடாமல், அக்கம்பக்கத்தில் நிறமுள்ள புள்ளி எது என்று தேடி அதன் நிறத்தை இதற்கும் பூசு. ஆல்ஃபா மட்டும் பூஜ்யமாகவே இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு வர்ணம் அடிக்கிறார்கள்! பக்கத்திலேயே, இது போதாது, முழுதுமாக நிரப்பிச் சரிசெய்ய வேண்டும், அப்போதுதான் சிறிதாக்கிய பிரதிகளிலும் சரிவரும் என்கிற மாதிரி ஒரு குறிப்பு. சிறிதாக்கிய பிரதிகள் என்பது தூரத்துப் பொருள்களுக்காக ஒரே படத்தைப் பாதி, கால், அரைக்கால் என்று செய்து வைப்பது. அந்த முறையை 1983இல் எழுதிய லான்ஸ் வில்லியம்ஸும் மேலே சொன்ன நியூயார்க் கூடத்துக்காரர்தான்.

ஆக, ஓரக்கோட்டுக்கு மருந்து எளிது. இலையை வெட்டிவிட்டு மிச்சத்தை அழிக்காதே. கட்டம் முழுக்கப் பச்சையைப் பூசு. வடிவத்தை மட்டும் ஆல்ஃபாவில் வரை. ஜிம்ப்பில் செய்கிறவர்கள் ஒளிபுகும் புள்ளிகளின் நிற எண்களையும் சேமிக்கும் தேர்வைப் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருள் 'தேவையில்லாதது' என்று துடைத்துவிடும். போர்ட்டரும் டஃபும் 1984லேயே வேறொரு வழி சொல்லியிருந்தார்கள்: நிற எண்களை முன்கூட்டியே ஆல்ஃபாவால் பெருக்கி வைத்துவிடுவது. அப்படி வைத்தால் முழுதும் ஒளிபுகும் புள்ளியில் எல்லாம் பூஜ்யம், கசிய எதுவும் இருக்காது. ஆனால் 1996இல் வந்த பிஎன்ஜி பெருக்காத எண்களையே ஏற்றுக்கொண்டது. பெருக்கியதையும் பெருக்காததையும் குழப்பிக்கொள்வதால் வரும் கருப்புக்கோடுகள் தனிக்கதை, விட்டுத்தள்ளுங்கள்.

பிஎன்ஜி ஏன் வந்தது என்பதை விட முடியாது. ஜிஃப் கோப்பின் சுருக்கமுறைக்குத் தன்னிடம் காப்புரிமை இருப்பதாக யூனிசிஸ் நிறுவனம் 1994 கடைசியில் கட்டணம் கேட்கத் தொடங்கியது. அதற்கு எதிர்வினையாக இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் சில மாதங்களில் எழுதியதுதான் பிஎன்ஜி. எட்டு பிட் ஆல்ஃபா சாதாரண ஆட்களின் கைக்கு வந்தது அதன்வழியாகத்தான். இன்னொரு பக்கம், வரைகலை அட்டைகள் டெக்ஸ்சரைச் சுருக்கி வைக்கும் எஸ்3 நிறுவனத்தின் முறை 1998 வாக்கில் டைரக்ட்எக்ஸில் சேர்ந்து எல்லா விளையாட்டிலும் புகுந்தது. அதன் மிகச் சிக்கனமான வகையில் ஒளிபுகும் புள்ளி என்றால் அது கட்டாயம் கருப்பு. நீங்கள் கவனமாகப் பூசிய பச்சையை அது வைத்துக்கொள்ளாது. அமெரிக்கக் காப்புரிமை 2017இல் காலாவதியாகும்வரை லினக்ஸின் சுதந்திர வரைகலை நூலகமான மேசாவில் இதைச் சேர்க்க முடியவில்லை. பயனர்கள் தனியாக ஒரு துண்டைத் தேடிப்பிடித்துப் பொருத்திக்கொண்டார்கள். ஒளிபுகுதல் யாருடைய சொத்து என்று கேட்டால் சிரிப்பு வரலாம். பத்தொன்பது வருஷம் அதற்குப் பதில் இருந்தது.

தமிழில் நல்லவேளையாக இரண்டு சொல் இருக்கிறது. அரசாங்கக் கோப்பில் நாம் கேட்பது வெளிப்படைத்தன்மை. படக்கோப்பில் இருப்பது ஒளிபுகுதன்மை. இரண்டாவதில் வெளிப்படை எதுவுமில்லை. பார்க்க முடியாத எண், அதற்கடியில் பார்க்கத் தேவையில்லை என்று முடிவான நிறம். யாரோ ஒரு பொறியாளர் நினைவகம் மிச்சம் பிடிக்க எடுத்த முடிவு, இருபது முப்பது வருஷம் கழித்து எங்கோ ஒரு பையனின் தப்பாக வந்து நிற்கிறது. 'ஆரம்பக்காரர் செய்யும் பிழைகள்' என்று இதற்குப் பட்டியல் போடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இன்றைய விளையாட்டுக் கருவிகளில் இந்த மொத்த விவகாரமும் ஒரு சின்னக் கட்டத்தில் போடும் டிக். கோடோ என்கிற திறந்தமூலக் கருவியில் ஆல்ஃபாவின் ஓரத்தைச் சரிசெய் என்று அதற்குப் பெயர். நல்லதுதான். ஆனால் எதைச் சரிசெய்கிறது என்று தெரியாமலே டிக் போடுகிறவனுக்கு, அது வேலை செய்யாத நாளில் கேள்வி கேட்கக்கூட வார்த்தை இருக்காது.

பையனுக்கு ஜிம்ப்பை இறக்கிக் கொடுத்தேன். படத்துக்கு ஆல்ஃபா தடத்தைச் சேர்த்து, இரண்டாம் அடுக்குக்குரிய கட்டங்களைத் தேர்ந்து, வெள்ளையை அழித்தோம். சதுரங்கக்கட்டம் தெரிந்தது. "இது சாம்பல் கலரா மாமா?" என்றான். கலரே இல்லை என்பதற்கு மென்பொருள் காட்டும் அடையாளம் என்றேன். நிறம் எடுக்கும் கருவியை அந்த இடத்தில் வைத்து அழுத்தினான். மூன்று எண்கள் வந்தன. "அப்ப இல்லேன்னு சொன்னீங்களே" என்று கேட்டுக்கொண்டே அடுத்த கட்டத்தை அழுத்திப் பார்க்க ஆரம்பித்தான்.