விலாங்கின் படுக்கை: கியோட்டோ மச்சியாவின் வரலாறு

கியோட்டோவுக்குச் செல்லும் பயணி இன்று விடுதி அறைக்குப் பதிலாக, நூறாண்டு பழைமையான மரவீடு ஒன்றை முழுமையாகச் சில நாள்களுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். மர அழி அடைத்த முகப்பு, தத்தாமிப் பாய் பரப்பிய அறைகள், நடுவே ஒரு சிறு தோட்டம் எல்லாம் அவருக்கு வாய்க்கும். வீட்டார் மட்டும் இருப்பதில்லை. இவ்வகை வீட்டின் பெயர் மச்சியா. 'யா' என்றால் வீடு அல்லது கடை. 'மச்சி' என்றால் நகர்ப்பகுதி. 'மச்சி' என்று படிக்கப்படும் அதே எழுத்துக்கு 'சோ' என்ற ஒலிப்பும் உண்டு. வரலாற்றில் 'சோ' என்பது ஒரு தெருவில் வாழ்வோரின் தன்னாட்சி அமைப்பு. ஓர் எழுத்தின் இவ்விரு ஒலிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் மச்சியாவின் வரலாறு விளங்கும்.

ஓனின் போர் (1467-1477) கியோட்டோவைச் சாம்பலாக்கிய பின்னர், நகரத்தார் தம் தெருக்களைத் தாமே காத்துக்கொள்ளத் தொடங்கினர். தெருவின் இரு பக்கத்திலும் எதிரெதிரே நின்ற வீடுகள் சேர்ந்து ஒரு 'சோ' ஆயின. 1590ஆம் ஆண்டையொட்டி ஹிதெயோஷி, பழைய சதுர மனைத்தொகுதிகளின் ஊடே புதிய தெருக்களை வெட்டி, நகரை நீள்சதுரங்களாகப் பிரித்தார். முகப்பு குறுகி, ஆழம் நீண்ட மனைகளை இன்றும் அங்கு 'விலாங்கின் படுக்கை' என்பர். முகப்பின் அகலத்துக்கு வரி விதித்ததே குறுகலுக்குக் காரணம் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வது வழக்கம். வரி மட்டுமே இதை விளக்கிவிடாது. தெருவைப் பார்த்த இடமே வணிகரின் மூலதனம்; அதைப் பலரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இத்தெருக்கள் தமக்கென விதிகளை எழுதிவைத்தன. 'சோ'வின் இசைவின்றி வீட்டை விற்க இயலாது. வாங்குபவர் 'சோ'வுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். சில தொழில் செய்வோர் குடிவரத் தடை இருந்தது. தலைவனை இழந்த சாமுராய்களான ரோனின்களுக்கு இடங்கொடுக்கக் கூடாது என்று ஆட்சியாளரும் 17ஆம் நூற்றாண்டில் ஆணையிட்டனர். ஒரு வீட்டில் இரவு யார் உறங்குகிறார் என்பது அவ்வீட்டாரின் தனி விவகாரமாக அன்று கருதப்படவில்லை. இதைப் பொற்காலமாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. வீட்டுரிமையாளரே 'சோ'வின் முழு உறுப்பினர். வாடகைக்குக் குடியிருந்த பெருந்தொகையினருக்கு அதன் முடிவுகளில் குரல் இல்லை. காவலும் விலக்கலும் ஒரே அமைப்பின் இரு பணிகளாயிருந்தன.

வீட்டின் உள்ளமைப்பைத் தீர்மானித்ததும் தொழில்தான். தெருவையொட்டிய முன்னறை கடை. அங்கிருந்து கொல்லை வரை ஓடும் மண்தரை நடைக்கு 'தோரி-நிவா' என்று பெயர். 'நிவா' என்பதை இன்று 'தோட்டம்' என மொழிபெயர்ப்பர்; அச்சொல்லின் பழைய பொருள் வேலை செய்யும் வெற்றுத்தரை. அந்நடையிலேயே அடுப்பும் கிணறும் இருக்கும். அதற்கு மேல் தளமிடாமல் கூரை வரை விடப்பட்ட உயரமான வெளிக்குத் 'தீப்பை' என்று பொருள்படும் பெயர் உண்டு. புகையும் வெப்பமும் அதன் வழியே வெளியேறின. ஒட்டி நிற்கும் வீடுகளுக்கிடையே சிறு உள்தோட்டம் காற்றையும் ஒளியையும் கொணர்ந்தது. முகப்பின் அழிகள் தொழிலுக்கேற்ப வேறுபட்டன: அரிசிக்கடைக்கும் சாக்கே விற்பவருக்கும் தடித்த சட்டங்கள்; நூல், துணி வணிகருக்கு வெளிச்சம் புகும் மெல்லிய சட்டங்கள். நெசவாளர் வாழ்ந்த நிஷிஜின் பகுதியில், தறியின் உயரத்துக்கேற்பப் பின்னறையின் கூரை உயர்ந்தது. இன்றைய விருந்தினர் அழகெனக் காணும் ஒவ்வொன்றும் ஒருகாலத்தில் ஒரு வேலைக்கான ஏற்பாடு.

இவ்வீடுகளுள் மிகப் பெரும்பாலானவை 1864க்குப் பிற்பட்டவை. அவ்வாண்டு அரண்மனை வாயிலருகே மூண்ட மோதலில் எழுந்த தீ, ஏறத்தாழ 27,000 வீடுகளை அழித்தது. ஆயினும் எரிந்த இடத்தில் அதே முறையில் மீண்டும் கட்ட முடிந்தது. இரண்டாம் உலகப்போரில் பெருங்குண்டுவீச்சிலிருந்து நகர் தப்பியது. தீத்தடுப்பு வெளிகளுக்காக ஓய்கே, கோஜோ, ஹொரிகவா தெருக்களில் வீடுகள் இடிக்கப்பட்டன. மச்சியாவின் வரலாற்றில் உண்மையான முறிவு 1950ஆம் ஆண்டின் கட்டடத் தரச் சட்டம். தூண்கள் அடித்தளத்தோடு பிணைக்கப்படாமல் கற்கள்மீது நிற்கும் பழைய கட்டுமுறை அச்சட்டத்துக்குப் பொருந்தவில்லை. இருப்பவை நீடிக்கலாம், அதே வடிவில் புதியது கட்டுவது அரிதாயிற்று. அன்று முதல் மச்சியாக்களின் எண்ணிக்கை ஒரே திசையில்தான் செல்கிறது. 2008-09இல் மாநகராட்சி எடுத்த கணக்கில் ஏறத்தாழ 47,700. 2016இல் ஏறத்தாழ 40,000. எஞ்சியவற்றிலும் ஏழில் ஒன்று ஆளின்றிக் கிடந்தது. கிமோனோத் தொழிலின் நலிவு, வாரிசுரிமை வரி, பழுதுபார்க்கும் செலவு, வாகன நிறுத்தத்துக்கு ஏறிய நிலமதிப்பு ஆகியவை சேர்ந்து இடிப்பதையே எளிய வழியாக்கின.

வாடகைத் தங்கல் இச்சூழலில் ஒரு மீட்பாகவே வந்தது. ஜப்பானில் நெடுங்காலம் வாழ்ந்துவரும் அமெரிக்க எழுத்தாளர் அலெக்ஸ் கெர், 2004ஐ ஒட்டிய ஆண்டுகளில் சில மச்சியாக்களைச் சீரமைத்துப் பயணிகளுக்கு முழு வீடாக வாடகைக்கு விடும் முயற்சியைத் தொடங்கினார். 2012இல் மாநகராட்சி, முழு வீடாக விடப்படும் மச்சியாக்களுக்கு வரவேற்பு மேசை கட்டாயமில்லை என விதியைத் தளர்த்தியது. 2018 ஜூனில் நடப்புக்கு வந்த தேசியச் சட்டம், குடியிருப்பு வீடுகளில் பயணிகளைத் தங்கவைப்பதை ஆண்டுக்கு 180 நாள்களுக்கு மட்டுப்படுத்தியது. கியோட்டோ தன் குடியிருப்புப் பகுதிகளில் அதைக் குளிர்கால இரு மாதங்களாகச் சுருக்கியது. மச்சியாக்களுக்கு விலக்களித்தது. பழைய கட்டடத்துக்கு வருவாய் இருந்தால்தான் அது நிற்கும் என்பதே அவ்விலக்கின் தருக்கம். இந்த வருவாய் இல்லையெனில் பல மச்சியாக்கள் இன்று வாகன நிறுத்தங்களாக இருந்திருக்கும் என்பதை மறுக்க இயலாது.

எனினும் இக்கணக்கில் 'சோ' விடுபடுகிறது. காலையில் தன் வாசலோடு அண்டைவீட்டின் எல்லையிலும் சிறிது பெருக்கிவிடுவது கியோட்டோவின் தெருவொழுக்கம். வாசல்களில் நீர் நிரப்பிய சிவப்புத் தீயணைப்பு வாளிகளை இன்றும் காணலாம். மரத்தெருவில் ஒரு வீட்டின் தீ எல்லார் வீட்டின் தீ. ஆகஸ்டு இறுதியில் குழந்தைகளுக்காகத் தெருதோறும் நடக்கும் ஜிசோ விழாவையும், ஜூலையில் வலம்வரும் கியோன் விழாவின் 30க்கும் மேற்பட்ட தேர்களையும் அந்தந்தத் தெருவாரே பேணி வந்துள்ளனர். மூன்று நாள் விருந்தினர் எவ்வளவு பண்புடையவராயினும் இக்கடமைகளை ஏற்க இயலாது. ஒரு தெருவில் ஒன்றிரண்டு வீடுகள் விடுதியானால் மற்றவர்கள் சமாளிப்பர். பாதித் தெரு விடுதியானால் வீடுகள் செம்மையாகவே நிற்கும். வாளியில் நீர் நிரப்ப ஆளிருக்காது.

2017இல் இயற்றப்பட்ட மாநகராட்சியின் மச்சியா காப்புச் சட்டம் வாழ்க்கைப் பண்பாட்டையும் காக்க வேண்டும் என்கிறது. ஆயினும் நடைமுறையில் அச்சட்டத்தின் பிடிக்குள் வருவது கட்டடமே: 1950க்கு முன் கட்டப்பட்டதா, மரபுக் கூறுகள் உள்ளனவா, சிறப்பாகக் குறிக்கப்பட்ட வீடாயின் இடிப்பதற்கு ஓராண்டு முன்னர் அறிவிக்கப்பட்டதா. அத்தெருவில் யார் வாழ்கிறார் என்பதை அது தீர்மானிக்காது. நகரின் நடுவே உள்ள அனெயகோஜி தெருப்பகுதியினர் இவ்விடைவெளியை முன்னரே உணர்ந்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் அவர்கள் முன்னோரின் தெருவிதிகளைப் பின்பற்றித் தமக்கெனப் புதிய விதித்தொகுப்பு ஒன்றை எழுதிக்கொண்டனர். எவரையும் விலக்கும் பழைய அதிகாரம் இன்று எந்தத் தெருவுக்கும் இல்லை, இருக்கவும் வேண்டாம். ஆனால் எத்தனை வீடுகள் விருந்தினருக்கு, எத்தனை குடியிருப்போருக்கு என்று கேட்கும் உரிமை ஒரு தெருவுக்கு இருக்க வேண்டும். அந்த உரிமையை மச்சியாவின் வரலாறே அதற்கு அளிக்கிறது.