கத்தரி தின்ற வெள்ளிக்காசு

தகடு வெட்டும் கத்தரிக்கும் ஒரு நாட்டின் கஜானாவுக்கும் என்ன சம்பந்தம்? இங்கிலாந்தில் பல நூறு வருடங்கள் நெருங்கிய சம்பந்தம் இருந்தது.

முதலில் கத்தரி எப்படி வெட்டுகிறது என்று பார்த்துவிடலாம். கத்தியைப் போல அது உலோகத்தைக் கீறிக்கொண்டே போவதில்லை. ஒரு பிளேடு மேலிருந்து அழுத்த, இன்னொன்று கீழிருந்து தாங்க, இரண்டும் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் கடக்கின்றன. நடுவில் மாட்டிய தகடு முதலில் நசுங்குகிறது. பிளேடு கொஞ்ச தூரம் உள்ளே இறங்கியதும், மீதித் தடிமன் தானாகவே முறிந்துவிடுகிறது. வெட்டிய ஓரத்தை உற்றுப் பார்த்தால் இது தெரியும்: ஒரு பாதி வழவழப்பு, மறுபாதி சொரசொரப்பு, அடியில் கையைக் கீறும் பிசிறு. பிளேடுகளுக்கு நடுவே இடைவெளி கூடிவிட்டால் தகடு வெட்டுப்படாமல் மடங்கிக்கொள்ளும். (லூசான கத்தரிக்கோலில் துணி மாட்டிக்கொள்வதும் இதனால்தான்!) வெள்ளி மென்மையானது. மெல்லிய வெள்ளித் தகட்டுக்குக் கைக்கத்தரியே போதும்.

அன்றைய நாணயச்சாலையில் வேலை இப்படித்தான் நடந்தது. வெள்ளியைத் தட்டித் தகடாக்கி, கத்தரியால் துண்டு போட்டு, எடை சரியாக வரும்வரை ஓரத்தை நறுக்கி, அச்சுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள். எந்தக் காசும் சரியான வட்டமாக இருக்காது. வினை அங்கேதான். நாணயச்சாலைக்காரர் நறுக்கியது எது, திருடன் நறுக்கியது எது என்று யார் கண்டது? நறுக்கிய தூளைச் சேர்த்து உருக்கினால் வெள்ளிக்கட்டி. காசோ சந்தையில் பழைய மதிப்புக்கே போகும். முதலீடு ஒரு கத்தரி மட்டும்!

1247ல் மூன்றாம் ஹென்றியின் அரசு, பென்னியின் பின்பக்கச் சிலுவையை விளிம்புவரை நீட்டிப் பார்த்தது. சிலுவையின் நுனி குறைந்தால் நறுக்கியது தெரிந்துவிடும் என்ற கணக்கு. பலிக்கவில்லை. 1278ல் முதலாம் எட்வர்டின் ஆட்கள் காசு நறுக்கியதாகச் சொல்லி யூதர்களைப் பிடித்தார்கள். லண்டன் கோபுரத்தில் சுமார் 680 பேர். அவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். அதே தொழில் செய்த கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் அபராதத்தோடு தப்பினார்கள். 1290ல் யூதர்கள் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டனர். அதற்குப் பிறகும் காசு நறுங்கிக்கொண்டுதான் இருந்தது! பின்னாளில் இது ராஜத்துரோகம் ஆனது. ஆணுக்குத் தூக்கு, பெண்ணுக்குத் தீ.

தூக்குக்கயிறு செய்யாததை இயந்திரம் செய்தது, ஆனால் மெதுவாக. பிரான்சிலிருந்து வந்த எலாய் மெஸ்ட்ரெல் 1561ல் லண்டனில் இயந்திரக் காசு அடித்துக் காட்டினார். பழைய தொழிலாளர்களுக்குப் பிடிக்கவில்லை. 1572ல் வேலை போனது. 1578ல் கள்ளக்காசு வழக்கில் அவரே தூக்கில் தொங்கினார்.

1662லிருந்துதான் இயந்திரம் நிலைத்தது. உருளைகளுக்கு நடுவே தகடு சீரான தடிமனுக்கு வரும். அதிலிருந்து பஞ்ச் வட்ட வில்லைகளை வெட்டி எடுக்கும். இதுவும் கத்தரி வேலைதான். பஞ்ச் மேல் பிளேடு, அதன் கீழே உள்ள துளையின் விளிம்பு கீழ் பிளேடு, இரண்டும் வட்டமாக வளைந்திருக்கின்றன, அவ்வளவே. பிறகு காசின் ஓரத்தில் கோடுகளோ எழுத்துகளோ பதிப்பார்கள். பெரிய காசுகளில் இருந்த லத்தீன் எழுத்துக்கு 'அலங்காரமும் பாதுகாப்பும்' என்று பொருள். ஒரு நூல் நறுக்கினாலும் தெரிந்துவிடும். கத்தரியைக் கத்தரியே ஜெயித்த இடம் இது.

ஆனால் பழைய காசுகளை அரசு திரும்பப் பெறவில்லை. விளைவு, காமர்ஸ் மாணவர்கள் படிக்கும் கிரெஷாம் விதி: நல்ல காசு பெட்டிக்குள்ளோ உலைக்குள்ளோ போனது, நறுங்கிய காசு சந்தையில் சுற்றியது. 1695 வாக்கில் பழைய வெள்ளிக்காசுகளின் எடை ஏறக்குறைய பாதிதான்.

1696ல் எல்லாவற்றையும் உருக்கிப் புதிதாக அடிக்க முடிவானது. புதுக்காசில் வெள்ளியைக் குறைக்கலாம் என்றார் கருவூலச் செயலர் லவுண்ட்ஸ். பழைய எடை ஒரு குன்றிமணிகூடக் குறையக்கூடாது என்றார் தத்துவவாதி ஜான் லாக். லாக் ஜெயித்தார். நாணயச்சாலைக்கு வார்டனாக வந்த ஐசக் நியூட்டன் வேலையை முடுக்கினார். செஸ்டர் கிளையில் எட்மண்ட் ஹாலி.

அடி விழுந்தது ஏழைகளுக்கு. 1696 மே 4 வரை நறுங்கிய காசை முழு மதிப்புக்கு வரியாகக் கட்டலாம். வரி கட்டும் வசதியுள்ளவர்கள் தள்ளிவிட்டார்கள். கூலிக்காரன் கையில் இருந்தது வெறும் எடைக்குத்தான் போனது. அரசுக்கு ஏற்பட்ட நஷ்டத்தை ஈடுகட்ட அதே வருடம் ஜன்னல் வரி வந்தது. மக்கள் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அந்த வரி 1851ல்தான் போனது.