லாரிப் புகையை மரங்கள் ஈடுசெய்யுமா? வண்டிப்பெரியார் மலைப்பாதை வழியே ஒரு விளக்கம்

வண்டிப்பெரியார்: தேனி மாவட்டத்தின் காய்கறிகள் கேரளத்துக்கு மலையேறுவதும், இடுக்கியின் தேயிலை, ஏலக்காய், மிளகு ஆகியவை சமவெளிக்கு இறங்குவதும் லாரிகளை நம்பியே நடைபெறுகின்றன. கோட்டயத்தையும் தேனியையும் குமுளி வழியாக இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 183-இல், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்துள்ள ஊர் வண்டிப்பெரியார். இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதை இல்லாததால், இங்கு விளையும் ஒவ்வொரு மூட்டையும் சாலை வழியாகவே வெளியேற வேண்டியுள்ளது.

இத்தகைய சரக்குப் போக்குவரத்தால் வெளியேறும் கரியமில வாயுவை, உள்ளூர் மக்களைக் கொண்டு மரம் நட்டு ஈடுசெய்யலாம் என்ற கருத்து உலகெங்கும் முன்வைக்கப்படுகிறது. அது எந்த அளவுக்குச் சாத்தியம், அதன் பயன் யாரைச் சேரும், சட்டம் என்ன சொல்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சரக்கு லாரிகளின் பங்கு எவ்வளவு?

இந்தியாவின் உள்நாட்டுச் சரக்கில் சுமார் 70 சதவீதம் சாலை வழியாகச் செல்கிறது. நிதி ஆயோக் அமைப்பு 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, நாட்டின் மொத்த வாகனங்களில் லாரிகள் சுமார் 3 சதவீதம் மட்டுமே. ஆயினும் போக்குவரத்துத் துறை வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவற்றிலிருந்தே வருகிறது. 2022-இல் 40 லட்சமாக இருந்த லாரிகளின் எண்ணிக்கை 2050-இல் சுமார் 1.7 கோடியாக உயரக்கூடும் என்றும் அந்த அறிக்கை மதிப்பிட்டுள்ளது.

மலைப்பாதையில் சுமை ஏற்றிய லாரி குறைந்த கியரில் ஏற வேண்டியிருப்பதால், சமவெளியைவிடக் கூடுதல் டீசலை எரிக்கிறது. கோட்டயம் பக்கம் முண்டக்கயத்திலிருந்து குட்டிக்கானத்துக்கு ஏறும் பாதைக்கும், தமிழகப் பக்கம் கூடலூரிலிருந்து குமுளிக்கு ஏறும் பாதைக்கும் இது பொருந்தும். சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் உள்ள பாலக்காட்டின் வாளையாறு வழியே கேரளத்துக்குள் பெருமளவு சரக்கு நுழைகிறது. ஆனால் பாலக்காட்டுக் கணவாயில் சாலை சமதளமாக இருப்பதால் அங்கு ஏற்றச் சுமை குறைவு. எனவே ஒரே எடையுள்ள சரக்குக்கு இரு வழித்தடங்களிலும் வெளியேறும் புகை ஒன்றல்ல.

ஒரு லாரிக்கு எத்தனை மரங்கள்?

ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடுவதாகவும், போய்வர 200 கிலோமீட்டர் தொலைவை ஆண்டுக்கு 200 முறை கடப்பதாகவும் கொள்வோம். அது எரிக்கும் டீசல் 10,000 லிட்டர். வெளியேறும் கரியமில வாயு சுமார் 27 டன்.

நன்கு வளர்ந்த ஒரு மரம் ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ கரியமில வாயுவை ஈர்ப்பதாகத் தோராயமாகக் கணக்கிடப்படுகிறது. மரத்தின் இனம், வயது, மழை, மண் ஆகியவற்றைப் பொறுத்து இது பெரிதும் மாறும். இந்த அளவை ஏற்றுக்கொண்டால், மேற்கண்ட ஒரு லாரிக்கு மட்டும் சுமார் 1,350 மரங்கள் தேவை. 3 மீட்டருக்கு 3 மீட்டர் இடைவெளியில் நட்டால், அதற்கு ஏறத்தாழ 3 ஏக்கர் நிலம் வேண்டும்.

நடப்பட்ட கன்றுகள் முதல் சில ஆண்டுகளில் மிகக் குறைவான கரியமில வாயுவையே ஈர்க்கின்றன. கணிசமான பகுதி பட்டுப்போவதும் இயல்பு. லாரியின் புகையோ இன்றே காற்றில் கலக்கிறது. மரம் அதைத் திரும்ப எடுக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே எத்தனை கன்றுகள் நடப்பட்டன என்பதைவிட, ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் எத்தனை நிற்கின்றன என்பதே சரியான கணக்கு.

இந்தியாவில் முன்னுதாரணங்கள் உள்ளனவா?

ஆந்திரத்தின் அரக்கு பள்ளத்தாக்கில் பழங்குடி விவசாயிகள் லட்சக்கணக்கான பழ மரங்களையும் காப்பிச் செடிகளையும் தங்கள் நிலங்களில் நட்டுள்ளனர். நாந்தி அறக்கட்டளை செயல்படுத்திய இத்திட்டத்துக்கு 'லைவ்லிஹுட்ஸ்' என்ற ஐரோப்பிய கார்பன் நிதியம் பணம் வழங்கியது. அதன் முதலீட்டாளர்களில் பிரான்ஸின் அஞ்சல் நிறுவனமான லா போஸ்ட், டயர் தயாரிப்பு நிறுவனமான மிஷலின் ஆகியவையும் அடங்கும். விளைச்சல் விவசாயிக்கும், கார்பன் வரவு முதலீட்டாளருக்கும் என்பதே ஏற்பாடு. தபாலையும் பார்சலையும் சாலையில் கொண்டுசெல்லும் ஒரு நிறுவனம், தன் புகைக்கு ஈடாகத் தொலைதூர நாட்டு மலைக்கிராமத்தின் மரங்களுக்குப் பணம் கொடுத்தது.

கேரளத்திலேயே வயநாடு மாவட்டத்தின் மீனங்காடி ஊராட்சி மற்றொரு முன்மாதிரி. கார்பன் சமநிலை ஊராட்சியாக மாறும் முயற்சி அங்கு 2016-இல் தொடங்கியது. ஊராட்சியின் ஆண்டு உமிழ்வு சுமார் 33,000 டன் என்றும், மரங்களும் மண்ணும் ஈர்ப்பது சுமார் 22,000 டன் என்றும் ஆய்வில் கணக்கிடப்பட்டது. எஞ்சிய 11,000 டன்னைச் சமன்செய்ய உருவானதே 'மர வங்கி' திட்டம். விவசாயி தன் நிலத்தில் நட்டு வளர்க்கும் மரத்தைக் கூட்டுறவு வங்கியில் ஈடாகக் காட்டி, ஒரு மரத்துக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வீதம் 10 ஆண்டுகளுக்கு வட்டியில்லாக் கடன் பெறலாம். மரத்தை வெட்டும்போது கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டும். மரத்தை நிற்கவைப்பதே விவசாயிக்கு லாபம் என்ற நிலையை இது உருவாக்குகிறது.

எந்த மரத்தை நடுவது?

விரைவில் வளரும் அயல் மரங்கள் கணக்கைச் சீக்கிரம் கூட்டிக்காட்டும். ஆனால் அதன் விலையை மேற்குத் தொடர்ச்சி மலை ஏற்கெனவே கொடுத்துவருகிறது. நிழலுக்காக நடப்பட்ட சென்னா ஸ்பெக்டபிலிஸ் என்ற தென் அமெரிக்க மரம், வயநாட்டிலும் முதுமலையிலும் காட்டை ஆக்கிரமித்து, யானைக்கும் மானுக்கும் தீவனமான புல்லை ஒழித்தது. அதை அகற்ற இரு மாநில வனத்துறைகளும் இப்போது செலவிட்டு வருகின்றன. காடுகளிலிருந்து யூகலிப்டஸ், அக்கேசியா போன்றவற்றை அகற்றி இயல்பான காட்டை மீட்கும் கொள்கையைக் கேரள அரசு 2021-இல் ஏற்றது.

இடுக்கிக்குப் பொருத்தமானவை ஏலத்தோட்டங்களில் காலங்காலமாக நிழல் தரும் பலா, சந்தனவேம்பு, வெள்ளகில் போன்ற மரங்களே. அவற்றில் மிளகுக் கொடியையும் படரவிடலாம். 2024 கோடையின் வெப்பத்திலும் வறட்சியிலும் இம்மாவட்டத்தில் ஏலச்செடிகள் பெருமளவில் கருகின. நிழல் மரம் என்பது இங்கு கார்பன் கணக்கு மட்டுமல்ல, அடுத்த பருவத்தின் விளைச்சலும் ஆகும்.

நிற்கும் காட்டைக் காப்பதும் நடுவதற்கு இணையானது. அருகிலுள்ள பெரியாறு புலிகள் காப்பகத்தில், ஒரு காலத்தில் திருட்டுத்தனமாகக் காட்டு இலவங்கப்பட்டை உரித்தவர்களே 1990-களின் இறுதியில் குழுவாக அமைந்து, வனக்காவலிலும் சுற்றுலா வழிகாட்டலிலும் ஈடுபடத் தொடங்கினர். மக்களுக்கு வருமானம் இருந்தால் காடு நிலைக்கும் என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுகிறது.

நிலம் யாருடையது?

வண்டிப்பெரியாரில் இத்திட்டத்தைப் பேசும்போது எழும் கடினமான கேள்வி இதுவே. தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். பல தலைமுறைகளாக எஸ்டேட் லயங்களில் வாழும் அவர்களில் பலருக்குச் சொந்த நிலம் இல்லை. 2000-ஆம் ஆண்டு வாக்கில் பீருமேடு வட்டாரத்தில் சில தோட்டங்கள் கைவிடப்பட்டபோது, வேலையோடு வீட்டின் பாதுகாப்பும் கேள்விக்குள்ளானது. கன்று நடுவதும் நீர் ஊற்றுவதும் அவர்கள் உழைப்பாக இருந்து, கார்பன் வருமானம் நில உரிமையாளருக்கு மட்டுமே போகுமானால், அதைச் சமூகத் திட்டம் எனக் கூற இயலாது.

1963-ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் தேயிலை, காப்பி, ரப்பர், ஏலத்தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு அளித்துள்ளது. தோட்ட நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றினால் அந்த விலக்கே சிக்கலாகும். ஆகவே தேயிலையைப் பிடுங்கிக் கார்பன் காடு வளர்ப்பது எளிதல்ல.

சிறு விவசாயியின் பட்டய நிலத்திலும் தயக்கம் உண்டு. ஈட்டி போன்ற சில மரங்களின் உரிமை அரசிடம் இருப்பதால், வளர்த்தவர் அவற்றை வெட்ட முடியாது. 2020 அக்டோபரில் வெளியான ஓர் அரசாணையைக் காட்டி வயநாட்டின் முட்டில் பகுதியில் ஈட்டி மரங்கள் வெட்டப்பட்டதும், 2021-இல் அது பெரும் வழக்காக மாறியதும் இக்குழப்பத்தின் விளைவே. நட்ட மரம் யாருக்குச் சொந்தம் என்பதை எழுத்தில் உறுதிசெய்த பிறகே கன்று வழங்க வேண்டும் என்பது இதன் பாடம்.

மத்திய அரசின் விதிகள் என்ன?

2015-ஆம் ஆண்டின் பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை, நெடுஞ்சாலைத் திட்டச் செலவில் 1 சதவீதத்தை மரம் வளர்ப்புக்கு ஒதுக்கச் சொல்கிறது. 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பசுமை வரவுத் திட்டம், மரம் வளர்ப்போருக்கு வரவுப் புள்ளிகள் வழங்குகிறது. தொடக்கத்தில் மர எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டிருந்த அவ்விதி, 2025-இல் திருத்தப்பட்டது. ஐந்து ஆண்டுகள் பராமரித்து, குறைந்தது 40 சதவீத மரக்கவிகை உருவான பின்னரே வரவு கிடைக்கும். பசுமை வரவும் கார்பன் வரவும் ஒன்றல்ல. பின்னது 2023 ஜூனில் அறிவிக்கப்பட்ட தனி வர்த்தகத் திட்டத்தின் கீழ் வருகிறது.

விளம்பரங்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. ஆதாரமின்றிப் 'பசுமை', 'கார்பன் சமநிலை' எனக் கூறுவதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியமோ, ஈடுசெய்தலை மட்டும் காட்டி ஒரு பொருளைக் கார்பன் சமநிலை என அழைப்பதை 2026 செப்டம்பர் 27 முதல் தடைசெய்கிறது. ஐரோப்பாவுக்குத் தேயிலையும் நறுமணப் பொருட்களும் அனுப்புவோர் கவனிக்க வேண்டிய தேதி இது.

ஒரு திட்டத்தை எப்படி மதிப்பிடுவது?

பணம் கொடுப்பவரும் நிலம் கொடுப்பவரும் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு.

1. இத்திட்டம் இல்லாவிட்டாலும் அந்த மரங்கள் நடப்பட்டிருக்குமா? ஆம் எனில் அது ஈடாகாது.

2. தீ, வறட்சி, நிலச்சரிவு, வெட்டு ஆகியவற்றால் மரம் அழிந்தால் யார் பொறுப்பு? 2021 அக்டோபரில் கொக்கயாரில் நேர்ந்த நிலச்சரிவு, இம்மலையில் எதுவும் நிரந்தரம் என எண்ண முடியாது என்பதைக் காட்டியது.

3. இங்கு நட்டதால் வேறிடத்தில் மரம் வெட்டப்படுகிறதா?

4. ஒரே மரத்தை லாரி நிறுவனம், ஊராட்சி, எஸ்டேட் ஆகிய மூவரும் தத்தம் கணக்கில் காட்டுகின்றனரா?

லாரியின் உமிழ்வைக் கணக்கிடுவதற்கு 2023-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 14083 என்ற சர்வதேசத் தரம் உள்ளது. மரத்தின் பக்கம் அளவிடுவதுபோலவே, புகையின் பக்கமும் அளவிட வேண்டும்.

முதலில் குறைப்பு, பிறகு ஈடு

ஈடுசெய்தல் கடைசிப் படி என்பதே வல்லுநர்களின் பொதுவான நிலைப்பாடு. லாரி வெறுமையாகத் திரும்புவதைத் தவிர்த்தல், டயர் காற்றழுத்தத்தையும் எஞ்சினையும் சரியாகப் பராமரித்தல், சுமையை ஒன்றுசேர்த்து அனுப்புதல் ஆகியவை உடனே டீசலையும் பணத்தையும் மிச்சப்படுத்துபவை. மேற்கண்ட எடுத்துக்காட்டு லாரி 10 சதவீத டீசலைச் சேமித்தாலே 1,000 லிட்டர் மிச்சமாகும். அது சுமார் 135 மரங்களின் ஓராண்டுப் பணிக்குச் சமம்.

மின்சார லாரிகளுக்கு மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. எனினும் மலையேற்றச் சுமையும் சார்ஜிங் நிலையங்களின் பற்றாக்குறையும் இங்கு தடைகளாக உள்ளன. ரயில் வசதியைப் பொறுத்தவரை, அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் மூடப்பட்ட மதுரை–போடி பாதை 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரை மீண்டும் திறக்கப்பட்டது. ஏலக்காய் வணிகத்தின் மையமான அவ்வூரிலிருந்து சரக்கும் ரயிலேறினால், நெடுந்தொலைவு லாரிப் பயணம் குறைய வாய்ப்புண்டு.

இவற்றுக்குப் பிறகும் எஞ்சும் புகைக்கே மரம் ஈடாக வேண்டும். உள்ளூர் இனமாகவும், உரிமை தெளிவான நிலத்திலும், பராமரிப்போருக்குப் பத்தாண்டு வருமானம் தருவதாகவும் அது அமைந்தால், இடுக்கி மலைக்கு நிழலும் தொழிலாளர் குடும்பங்களுக்கு வருவாயும் கிடைக்கும். கன்று நடும் நாளோடு முடிந்துவிட்டால், காற்றில் கலந்த புகை அப்படியே எஞ்சும்.