தொண்டும் உரிமைக் கோரிக்கையும்: பெர்க்லி மாற்றுத்திறனாளி மாணவர் அமைப்பை முன்வைத்து

பல்கலைக்கழக மாணவர் அமைப்புகளைப் பற்றி எழுதுவோர் அவற்றை இரண்டாகப் பிரிப்பது வழக்கம். ரத்ததான முகாம், மரம் நடுதல், மாலை வகுப்பு எல்லாம் தொண்டு. மனு, கண்டனக் கூட்டம், உள்ளிருப்பு எல்லாம் அரசியல். முன்னதை நிர்வாகங்கள் ஊக்குவிக்கின்றன, பின்னதை ஐயத்தோடு பார்க்கின்றன. ஆய்வாளர்களும் இந்தப் பிரிவினையைப் பெரும்பாலும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்கள் 1970இல் தொடங்கிய அமைப்பின் வரலாற்றுக்கு இந்தப் பிரிவினை பொருந்தவில்லை. அங்கே தொண்டிலிருந்துதான் கோரிக்கை பிறந்தது; தொண்டின் பலத்தில்தான் அது நிலைத்து நின்றது. தொண்டைப் பெற்றவர்களே அதை நடத்தியதுதான் இதற்குக் காரணம் என்பது என் வாதம்.

அந்த அமைப்பின் கதை எட் ராபர்ட்ஸிடமிருந்து தொடங்குகிறது. அவர் 14 வயதில் போலியோவால் தாக்கப்பட்டவர். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்துவிட்டது. ஒரு கையில் இரண்டு விரல்களும் சில கால்விரல்களும் மட்டும் அசைந்தன. இரவில் மூச்சுவிட இரும்பு நுரையீரல் தேவைப்பட்டது. அவரால் எந்த வேலைக்கும் போக முடியாது என்று சொல்லி, மாநில மறுவாழ்வுத் துறை அவர் படிப்புக்கு உதவ முதலில் மறுத்தது. செய்தித்தாளில் விஷயம் வெளிவந்த பிறகே இறங்கி வந்தது. 1962இல் பெர்க்லியில் சேர்ந்தார். சுமார் 360 கிலோ எடையுள்ள அந்தக் கருவியை விடுதியில் வைக்க வழியில்லாததால், வளாகத்துக்குள் இருந்த கோவல் மருத்துவமனையில் தங்கிப் படித்தார். மறு ஆண்டு, அவரைப் போலவே கடும் உடற்குறையுள்ள ஜான் ஹெஸ்லர் என்ற மாணவர் வந்து சேர்ந்தார். 1960களின் இறுதிக்குள் அங்கே கடும் உடற்குறையுள்ள மாணவர்கள் பன்னிரண்டு பேர் அளவுக்குப் பெருகியிருந்தார்கள்.

தங்கியது மருத்துவமனையில் என்றாலும் அவர்கள் நோயாளிகளாக வாழவில்லை. குளிப்பாட்ட, உடை மாற்ற, வகுப்புக்கு அழைத்துப்போக வேண்டிய உதவியாளருக்கான அரசுப் பணம் நேராக மாணவர் கைக்கே வந்தது. யாரை வேலைக்கு வைப்பது, எத்தனை மணிக்கு வரச்சொல்வது, சரிப்படாவிட்டால் யாரை நிறுத்துவது என்பதெல்லாம் அவர் முடிவு. மாற்றுத்திறனாளி உரிமை இயக்கத்தின் வரலாற்றில் பலரும் ஒரு வரியில் கடந்துபோகும் செய்தி இது. எனக்கோ இதுதான் அடித்தளமாகத் தோன்றுகிறது. உதவி பெறுபவரே உதவுபவருக்குச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாட்டில், நன்றிக்கடன் என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போகிறது.

1969இல் அந்த ஏற்பாடு சோதனைக்கு வந்தது. மறுவாழ்வுத் துறை ஆலோசகர் ஒருவர், இரண்டு மாணவர்களின் படிப்பு திருப்தியாக இல்லை என்று அவர்களை வெளியேற்ற முயன்றார். மற்றவர்கள் சேர்ந்து எதிர்த்தார்கள், செய்தியாளர்களிடம் போனார்கள், முடிவு திரும்பப் பெறப்பட்டது. 'ரோலிங் குவாட்ஸ்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்ட இந்தக் குழு, வெற்றிக்குப் பிறகு முழக்கத்தோடு நிற்கவில்லை. மருத்துவமனையை விட்டு வெளியேறி ஊருக்குள் வாழ என்னென்ன தேவை என்று உட்கார்ந்து பட்டியல் போட்டது. கூட்டரசின் கல்வி அலுவலகத்திடம் நிதி பெற்று, 1970இல் டுரன்ட் அவென்யூவில் ஓர் உணவுக் கடைக்குப் பின்னால் இருந்த அறைகளில் உடற்குறை மாணவர் திட்டத்தைத் தொடங்கியது. ஹெஸ்லர் அதன் இயக்குநர்.

உதவியாளர்களின் பெயர்ப் பட்டியல், வாடகை வீடு தேடித் தருதல், அரசு உதவித்தொகைக்கான விண்ணப்பம், பார்வையற்ற மாணவர்களுக்கான உதவி என்று பல வேலைகள் அங்கே நடந்தன. அவற்றுள் சக்கர நாற்காலிப் பழுது பார்க்கும் பட்டறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அன்றைய அமெரிக்காவில் சக்கர நாற்காலிச் சந்தை பெரும்பாலும் எவரெஸ்ட் அண்ட் ஜென்னிங்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. மருத்துவமனைத் தளத்திலும் வீட்டுக் கூடத்திலும் ஓட்டுவதற்கென்று செய்த மின் நாற்காலிகளை இந்த மாணவர்கள் சரிவான தெருக்களில் நாள் முழுவதும் ஓட்டினார்கள். பேட்டரி இறங்கும், சட்டம் முறியும், மோட்டார் எரியும். பழுதுக்கு அனுப்பினால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை ஆள் படுக்கையிலேயே கிடக்க வேண்டியதுதான். நாற்காலி ஓட்டுபவரும் அதைப் பிரித்துப் போடுபவரும் ஒரே அலுவலகத்தில் இருந்தபோது இது தனியொருவரின் துன்பமாக நீடிக்கவில்லை. முறிந்த சட்டம் எந்தத் தெரு விளிம்பில் இறங்கியபோது முறிந்தது என்ற கேள்வி அங்கே தானாகவே எழும். பழுதைச் சரிசெய்வது தொண்டு. அந்த விளிம்பை வெட்டிச் சாய்தளம் ஆக்கச் சொல்வது கோரிக்கை. இரண்டையும் ஒருவரே செய்யும்போது கோடு எங்கே போடுவது?

1971 செப்டம்பரில் பெர்க்லி நகர்மன்றம், முக்கிய வணிகப் பகுதிகளின் நடைபாதைகளில் சாய்தளம் அமைப்பதைக் கொள்கையாக ஏற்றது. மாணவர்கள் நேரில் போய் வாதாடிப் பெற்றது அது. இரவோடிரவாகச் சம்மட்டியும் சிமெண்டும் எடுத்துப்போய்த் தாங்களே விளிம்புகளை உடைத்தார்கள் என்ற கதைதான் இன்று அதிகம் சொல்லப்படுகிறது. அந்தக் கதையின் கவர்ச்சி, எந்த முனையில் எத்தனை அங்குலம் என்று வரைபடத்தோடு அதிகாரிகள் முன் உட்கார்ந்த பொறுமையை மறைத்துவிடுகிறது.

மாணவரல்லாதவர்களும் உதவி கேட்டு வரத் தொடங்கியதால், 1972இல் வளாகத்துக்கு வெளியே சுதந்திர வாழ்வு மையம் உருவானது. அதன் பலம் 1977 ஏப்ரலில் வெளிப்பட்டது. அரசு நிதி பெறும் எந்த நிறுவனமும் உடற்குறையின் பேரில் பாகுபாடு காட்டக்கூடாது என்ற 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 504ஆம் பிரிவுக்கு, ஏறத்தாழ நான்கு ஆண்டுகளாகியும் விதிகள் வெளியிடப்படவில்லை. பல நகரங்களில் சுகாதாரத் துறை அலுவலகங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் போய் உட்கார்ந்தார்கள். வாஷிங்டனில் உணவும் மருந்தும் கிடைக்காமல் ஏறத்தாழ ஒரு நாளில் எழ நேர்ந்தது. பெர்க்லிக்கு அருகிலுள்ள சான் பிரான்சிஸ்கோவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மூன்று வாரங்களைத் தாண்டி நிலைத்தார்கள். உள்ளே நடந்ததைப் பாருங்கள்: உதவியாளர்கள் கூடவே தங்கிப் படுக்கையில் புரட்டிவிட்டார்கள், சிறுநீர்க் குழாய் மாற்றினார்கள், மருந்து கெடாமலிருக்க அறைக் குளிரூட்டியின் மேல் ஒரு பெட்டியை ஒட்டிக் குளிர்பெட்டியாக்கினார்கள், தொலைபேசி துண்டிக்கப்பட்டபோது காதுகேளாதவர்கள் சன்னல் வழியே சைகை மொழியில் செய்தி அனுப்பினார்கள். கறுஞ்சிறுத்தைக் கட்சியினர் சூடான சாப்பாடு கொண்டுவந்தார்கள். ஏப்ரல் 28 அன்று விதிகளில் கையெழுத்தானது. தலைநகரத்தில் துணிவு குறைவாக இருந்ததென்று யாரும் சொல்ல முடியாது. ஆண்டுக்கணக்கில் ஒருவர் உடலை மற்றவர் கவனித்துப் பழகிய ஊர் அங்கே பக்கத்தில் இல்லை. தொண்டு அமைப்பாக வளர்ந்ததுதான் போராட்டத்தைத் தாங்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பெர்க்லி விதிவிலக்கு என்பது இதற்கு எதிராக எழக்கூடிய முதல் வாதம். 1964இன் பேச்சுரிமைப் போராட்டம் வளாகத்தைப் பதப்படுத்தியிருந்தது. அரசுப் பணமும் கிடைத்தது. உண்மைதான். ஆனால் பணமும் நல்லெண்ணமும் இருந்தும் வேறு விளைவு தந்த திட்டத்தை நம் நாட்டிலேயே பார்க்கலாம். காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம், தத்தெடுத்த கிராமம், தலைமைக்குப் பேராசிரியர் ஒருவர் திட்ட அலுவலர் என்று அதன் கட்டமைப்பு. அந்த முகாம்கள் பல்லாயிரம் இளைஞர்களுக்கு ஊரைக் காட்டியிருக்கின்றன. அதை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. என் கேள்வி கட்டமைப்பைப் பற்றியது. முகாமில் தூர் வாரப்படும் வாய்க்கால் ஏன் தூர்ந்தது என்று கேட்கும் பொறுப்பு அங்கே யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. கிராமத்தார் திட்டத்தின் பயனாளிகள், முடிவெடுப்பவர்கள் அல்லர். மாணவரோ எட்டாம் நாள் ஊர் திரும்பிவிடுவார்.

இரண்டாவது வாதம் கனமானது: பெற்றவர்களே நடத்தினாலும், நிதிக்குக் கைநீட்டும் அமைப்பு நாளடைவில் அடங்கிவிடும். பெர்க்லியிலும் மாணவர் திட்டம் பின்னாளில் பல்கலைக்கழக நிர்வாகத்தின் ஓர் அலுவலகமாயிற்று. மாணவர் தலைமுறை நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை மாறிவிடுவதால் நினைவும் கைமாறாமல் போகிறது. இந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்ததால்தான் சுதந்திர வாழ்வு மையம் தன் நிர்வாகக் குழுவில் மாற்றுத்திறனாளிகளே பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்று விதி வைத்தது. அந்தக் கோட்பாடு பிற்காலத்தில் கூட்டரசு நிதி பெறும் இத்தகைய மையங்கள் அனைத்துக்கும் சட்டக் கட்டாயமாயிற்று. 1975இல் ராபர்ட்ஸ் மாநில மறுவாழ்வுத் துறைக்கே இயக்குநராக நியமிக்கப்பட்டார் என்பதைத்தான் எல்லோரும் வியந்து சொல்கிறார்கள். ஒரு மனிதரின் உயர்வு அது. நிர்வாகக் குழுவைப் பற்றிய விதியோ, அந்த மனிதர்கள் போன பிறகும் முடிவெடுக்கும் இருக்கையில் யார் உட்கார வேண்டும் என்பதை வரையறுத்தது. மாணவர் தொண்டு அமைப்புகளை மதிப்பிடும் ஆய்வுகள் எத்தனை மணி நேரம், எத்தனை பயனாளிகள் என்று எண்ணுவதற்கு முன்னால் அந்த இருக்கையைப் பற்றிக் கேட்க வேண்டும்.